பெரட்டுக்கு நேரமாச்சு

வாசகர் கடிதம்:

"அக்கா, நாங்கள் கோத்தகிரி பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஊரில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 74 வயது. சிலோனில் ஹட்டன் பக்கம் பிறந்து, 1974-ல் கப்பலில் வந்தவர். இங்கே டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ரிட்டையர் ஆனார். மாமனார் இறந்து ரெண்டு வருஷம். ஒன்றரை வருஷமாக மறதி. சொன்னதையே சொல்வார், குழம்பில் ரெண்டு தடவை உப்புப் போடுவார். இப்போது விடியற்காலை நாலரைக்கு எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டி, 'கூடை எங்கே? பெரட்டுக்கு நேரமாச்சு' என்று, தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கப் போகிற மாதிரி கிளம்புகிறார். போன மாதம் ஒரு நாள் இருட்டோடு இறங்கிப் போய் தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி ஒரு காட்டுமாடு நின்றது. அன்றிலிருந்து கூடையைப் பரண்மேல் ஒளித்துவைத்து, அறையை வெளியே தாழ் போடுகிறேன். தோட்டையும் பாஸ்புக்கையும் நான் திருடிவிட்டதாக எதிர்வீட்டில் போய்ச் சொல்கிறார். பத்து நாளாக இன்னும் மோசம். ராத்திரி மூலையைப் பார்த்து யாருடனோ பேசுகிறார், பகலெல்லாம் தூங்குகிறார், படுக்கையிலேயே போய்விடுகிறார். அதற்கு முன் சளி பிடித்திருந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். குளிருக்கு ராத்திரி கரி அடுப்பு வைக்கிறேன். என் வீட்டுக்காரர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார், வர பத்து மணி ஆகும். திருப்பூரில் இருக்கும் நாத்தனார், 'அம்மா என்கிட்ட நல்லாத்தானே பேசுது' என்கிறார். வயசானால் அப்படித்தான் என்கிறார்கள், மந்திரிக்கச் சொல்கிறார்கள். ஒரு நாள் திருடி என்று அவர் கத்தியபோது கையில் அடித்துவிட்டேன். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. கதவைப் பூட்டுவது தப்பா? பொய் சொல்லிச் சமாளிக்கலாமா? கோயம்புத்தூரில் ஹோமில் சேர்த்துவிடலாமா? என் பெயரையும் ஒரு நாள் மறந்துவிடுவாரா?"

*

தங்கச்சி,

கடிதத்தின் கீழே போன் நம்பர் எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று. படித்த உடனே உங்களைக் கூப்பிட்டது, அந்தப் 'பத்து நாளாக' என்ற ஒரு வார்த்தைக்காகத்தான். கரி அடுப்பைத் தவிர மற்றவை ஒரு வாரம் காத்திருக்கும். அது காத்திருக்காது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். சிறுநீரில் கிருமி, ரத்தத்தில் உப்புச்சத்து குறைவு என்றார்கள். ஐந்து நாள் இருந்து வீட்டுக்கு வந்தார்கள். மூலையில் இருந்த ஆள் போய்விட்டார், கூடை மட்டும் போகவில்லை என்று நீங்களே போனில் சொன்னீர்கள். நமக்குள் பேசி முடித்ததை இங்கே திரும்ப எழுதுவது, இதே நிலைமையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக.

உங்கள் மாமியாரிடம் இருந்தவை இரண்டு வேறு வியாதிகள். ஒன்றரை வருஷமாக மெல்ல மெல்ல வந்தது மறதி நோய் வழியில் போகிற சங்கதி. பத்து நாளில் வந்தது திடீர் மனக்குழப்பம். டாக்டர்கள் டெலிரியம் என்பார்கள். முன்னது மாதக் கணக்கில் நகரும். பின்னது மணிக் கணக்கில், நாள் கணக்கில் வரும். காலையில் தெளிவாக இருப்பார்கள், சாயங்காலம் ஆளே மாறிவிடும். இல்லாததைப் பார்ப்பார்கள், பேச்சில் கவனம் நிற்காது. வயசானவர்களுக்கு உள்ளே கிருமி இருந்தாலும் பல நேரம் காய்ச்சல் அடிக்காது, எரிச்சல் என்று சொல்லத் தெரியாது. புத்தி தடுமாறுவதுதான் அவர்கள் உடம்பு காட்டும் முதல் அடையாளம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நாலைந்து நாள் மலம் போகாதது, தண்ணீர் குறைவு, சர்க்கரை இறங்குவது, புதிதாகச் சேர்ந்த மாத்திரை, எங்காவது விழுந்து தலையில் பட்ட அடி, இதில் எதுவானாலும் இப்படி ஆகும். காரணத்தைப் பிடித்து வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். பார்க்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. மந்திரிக்கிறவரிடம் போவதும் போகாததும் உங்கள் நம்பிக்கை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தபிறகு போங்கள்.

அந்தச் சளி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கம் வரவைக்கும் பழைய வகைச் சளி, அரிப்பு மாத்திரைகள் இளவயசுக்காரர்களுக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. பெரியவர்களுக்கு அப்படியில்லை. மூளையில் அசிட்டைல்கோலின் என்று ஒரு ரசாயனம் உண்டு. ஞாபகத்துக்கு அது வேண்டும். மறதி நோயில் அது ஏற்கெனவே குறைந்திருக்கும். இந்த மாத்திரைகள் மிச்சம் இருப்பதையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். கூடவே வாய் வறளும், மலம் கட்டும், சிறுநீர் முழுக்கப் போகாமல் பையிலேயே தேங்கும். தேங்கின இடத்தில் கிருமிக்குக் கொண்டாட்டம். பெரியவருக்கு மெடிக்கலில் 'சளிக்கு ஒண்ணு குடுங்க' என்று வாங்காதீர்கள்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு, பெருமைப்பட ஒன்றுமில்லை. நர்ஸ் வேலையில் சேர்ந்த மூன்றாவது வருஷம், கீழே சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு, நைட் டூட்டி. எண்பது வயது தாத்தா ஒருவர் கட்டிலை விட்டு இறங்கி இறங்கி ஓடினார். வையாத வார்த்தை இல்லை. நாற்பது கட்டிலுக்கு நான் ஒருத்தி. பேண்டேஜ் துணியால் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிவிட்டேன். விடிகாலையில் டூட்டி மாற வந்த சீனியர் சிஸ்டர் ஒன்றும் பேசாமல் தாத்தாவின் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தார். பானை மாதிரி இருந்தது. டியூப் போட்டதும் பை நிறைய சிறுநீர். பத்து நிமிஷத்தில் தாத்தா குழந்தை மாதிரி தூங்கிவிட்டார். ராத்திரி முழுக்க அவர் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான், எனக்குத்தான் கேட்கவில்லை. மணிக்கட்டில் துணி பதிந்த தடம் மத்தியானம் வரை போகவில்லை. நீங்கள் கதவைத் தாழ் போட்டதைப் படித்தபோது உங்களைத் திட்டத் தோன்றாததற்கு அந்தத் தடம்தான் காரணம்.

சரி, மிச்சம் இருக்கிற மறதிக்கு வருவோம். 'வயசானா அப்படித்தான்' என்பது பாதிப் பொய். வயசாக ஆக மூளையின் வேகம் குறையும். பெயர் நாக்கு நுனியில் நின்று, அரை மணி கழித்துப் பாத்திரம் கழுவும்போது வரும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க முடியாது. இது எல்லாருக்கும் உண்டு, எனக்கும் ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஐம்பது வருஷம் தேத்தண்ணி போட்ட கை அடுப்பு முன்னால் நின்று, அடுத்து என்ன என்று யோசிப்பது வயசு இல்லை, வியாதி. நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குக் கொஞ்சம் மேல் இந்த நோய் இருப்பதாக 2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வு கணக்கிட்டது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆட்களின் எண்ணிக்கை பெரிது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இல்லை.

உடம்பு தேறி ஒரு மாதம் ஆனதும் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவிலோ, பொது மருத்துவப் பிரிவிலோ முழுசாக ஒரு முறை பார்த்துவிடுங்கள். தைராய்டு, பி12, சர்க்கரை, ரத்தசோகை, சிறுநீரகம், தேவைப்பட்டால் தலை ஸ்கேன். பி12 குறைவும் தைராய்டு குறைவும் மறதி நோய் மாதிரியே வேஷம் போடும், அவை சரிசெய்யக்கூடியவை. கணவர் போன துக்கமும் அப்படித்தான். மாமனார் இறந்து ஆறு மாதத்தில் மறதி தொடங்கியது என்று உங்கள் கணக்கிலிருந்தே தெரிகிறது. சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் ஆசை இல்லை, 'எதுக்கு இருக்கேன்' என்கிற பேச்சு உண்டா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். துக்கம் உள்ளுக்குள் உறைந்துவிட்டால் மூளையும் மந்தமாகும், அதற்கு மருந்து உண்டு. மறதி நோய்க்கான மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் தாங்கிப்பிடிக்கும், குணமாக்காது. ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு குணமாக்குவதாகச் சொல்கிற யாரிடமும் ஏமாறாதீர்கள்.

காதையும் கண்ணையும் மறக்க வேண்டாம். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், நிறைய வீட்டில் அதுவே போதும். காது சரியாகக் கேட்காதவருக்கு, அடுக்களையில் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றும். சந்தேகத்துக்கு அது நல்ல எரு.

இனி திருட்டு. உங்களை அதிகம் வலிக்கச் செய்வது இதுதான் என்று தெரிகிறது.

1906-ல் ஆல்ட்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர், மறதி நோயில் இன்று அவர் பெயரால் சொல்லப்படும் வகையை முதன்முதலில் எடுத்துச் சொன்னார். அவர் பார்த்த அந்தப் பெண்மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது 51 வயது. வீட்டார் முதலில் கவனித்த மாற்றம், காரணமில்லாமல் புருஷன்மேல் வந்த சந்தேகம். மறதியெல்லாம் பிறகுதான் கண்ணில் பட்டது. ஆக, சந்தேகம் இந்த வியாதியோடு பிறந்தது. உங்கள் வளர்ப்பையோ உங்கள் மாமியாரின் குணத்தையோ அதில் தேட வேண்டாம். நடப்பது இதுதான்: தோடு பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஒளித்துவைக்கிறார். ஒளித்துவைத்த நினைவு பதிவதே இல்லை. பிறகு தேடும்போது தோடு இல்லை. 'நான் மறந்துவிட்டேன்' என்பதற்கு மறந்தது நினைவிருக்க வேண்டுமே! எனவே அவர் மூளைக்கு மிஞ்சுவது ஒரே முடிவு: யாரோ எடுத்துவிட்டார்கள். யார்? பீரோவைத் திறக்கிற, துணி மடிக்கிற, பக்கத்திலேயே இருக்கிற ஆள். திருப்பூரில் இருக்கிறவரைத் திருடி என்று சொல்ல முடியாது அல்லவா? அதிகம் பார்த்துக்கொள்கிறவருக்கே அதிகம் பழி. நான் போன வீடுகளில் இதற்கு விலக்கு அபூர்வம்.

'நான் எடுக்கல அத்தை' என்று சொல்லாதீர்கள். சொன்னால் நீங்கள் எதிர்க்கட்சி. 'தோடு காணோமா? ஐயோ, வாங்க தேடுவோம்' என்று சேர்ந்து இறங்குங்கள். நீங்கள் கண்டுபிடித்துக் கொடுக்காதீர்கள். 'எடுத்த இடத்துலயே வச்சுட்டா பாரு' என்பார். அந்தப் பக்கமாக நகர்ந்து, அவர் கைக்கே கிடைக்கும்படி விடுங்கள். அரிசி டின், தலையணை உறை, சாமி படத்துக்குப் பின்னால், பழைய ஸ்வெட்டர் பை என்று ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு இடம்தான் இருக்கும், பழகிவிடும். பாஸ்புக்கை ஜெராக்ஸ் எடுத்து அவர் சுருக்குப் பையில் போட்டுக் கொடுங்கள், அசல் உங்கள் வீட்டுக்காரரிடம் இருக்கட்டும். எதிர்வீட்டு அம்மாளிடம் நீங்களே போய் வியாதியைச் சொல்லிவிடுங்கள். மூடி மறைத்தால்தான் ஊர்வாய்.

பொய் சொல்லலாமா என்று கேட்டீர்கள். என் பதில்: அவர் மனசு அமைதியாவதற்குச் சொல்லலாம், உங்கள் வேலை முடிவதற்குச் சொல்லக் கூடாது. கையெழுத்து வாங்க, பணம் எடுக்க ஒருபோதும் கூடாது. இன்னும் நல்லது, பொய்யும் மெய்யும் இல்லாமல் பேசுவது. விடியற்காலை கூடையைக் கேட்கிறார். 'நீங்க ரிட்டையர் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு' என்பது உண்மை, ஆனால் அவர் இருக்கும் வருஷத்தில் அது உண்மையில்லை. 'வெளியே பனி விலகல, முதல்ல ஒரு தேத்தண்ணி குடிங்க' என்பதும் உண்மைதான். மாமனாரைத் தேடினால், 'அவர் செத்துப்போயிட்டாரே' என்று ஒவ்வொரு தடவையும் சொன்னால் ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச்சாவு. 'மாமா நினைப்பு வந்துருச்சா? அவருக்கு என்ன கறி பிடிக்கும்?' என்று கேளுங்கள். தேடலுக்கு அடியில் இருப்பது ஏக்கம். அதற்குப் பதில் சொன்னால் போதும்.

இந்த நேரக் கணக்கு ஏன் இப்படிக் குழம்புகிறது? இந்த வியாதியில் நேற்றுச் சாப்பிட்டது முதலில் போகும், சின்ன வயசு கடைசியில் போகும். அதிலும் கை பழகிய வேலை மிகத் தாமதமாகத்தான் போகும். பேரன் பெயர் வராது. ஆனால் செடி முன்னால் நிறுத்தினால் விரல் தானாக இரண்டு இலையும் மொட்டும் கிள்ளும். உங்கள் மாமியார் வேலை செய்த வருஷங்களில் விடியற்காலை எழுந்தால் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் போச்சு, கூலி போச்சு. அந்தப் பயம் எலும்பில் இருக்கிறது. இதைக் கிறுக்கு என்று நீங்கள் எண்ண வேண்டாம். அவர் வேலைக்குப் போகிறார், அவ்வளவுதான்.

நீங்கள் மலைக்கு வாக்கப்பட்டு வந்தவர், பெரட்டு என்ற சொல்லே கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும் என்று போனில் சொன்னீர்கள். கொஞ்சம் அந்தப் பக்கக் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள், மருந்து மாதிரி உதவும். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து செத்தவர்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, இந்த மலைக்கு வந்து அதே தேயிலையைத் தொட்டவர்கள் நிறையப் பேர். டேன்டீ தொடங்கியதே இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். ஆகவே உங்கள் மாமியார் 'வீட்டுக்குப் போகணும்' என்று அழுதால் 'இதுதானே வீடு' என்று சொல்வதற்கு முன், 'எந்த வீடு அத்தை? அங்க லயத்துல யார் யார் இருந்தாங்க?' என்று கேட்டுப்பாருங்கள். லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள். வயசானவர்கள் பழசையே பேசுவதை மூளை தளர்ச்சி என்று ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. 1963-ல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், அது முதுமையின் இயல்பான வேலை, வாழ்ந்ததைத் திரும்ப எடுத்து அடுக்குகிற வேலை என்று எழுதினார். பேரனின் போனில் அந்தப் பேச்சைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கதை கேட்கிற ஆளைத் திருடி என்று சொல்வது குறையும், பாருங்கள்.

'வயசானவங்க குழந்தை மாதிரி' என்று சொல்லி, கொஞ்சு மொழியில் பேசி, எல்லாவற்றையும் நாமே ஊட்டிவிடுவது எனக்குப் பிடிக்காது. குழந்தைக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது, முன்னால்தான் எல்லாம். இவருக்குப் பின்னால் 74 வருஷம் கிடக்கிறது. அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும். சேலை கட்டக் கால் மணி ஆகிறதா, ஆகட்டும். பட்டாணி உரிக்க, அவரை ஆய, துணி மடிக்கக் கொடுங்கள். தப்பாக மடித்தால் அவர் கண் முன்னால் பிரித்து மடிக்காதீர்கள்.

கதவு. வெளியே தாழ் போட்டுவிட்டு நீங்கள் வேறு இடம் போவது கூடவே கூடாது. தீப்பிடித்தால், விழுந்தால், யார் திறப்பது? உள்ளே அடைபட்ட பயத்தில் குழப்பமும் கூடும். ஆனால் 'திறந்தே வையுங்கள்' என்று சொல்கிற தைரியமும் எனக்கு இல்லை. வெளியே காட்டுமாடும் கரடியும் நடமாடுகிற, விடியற்காலைக் குளிரில் ஒரு மணி நேரம் நனைந்தால் உயிர் போகிற ஊர் இது. வாசல் கதவில் ஒரு மணியோ சலங்கையோ கட்டுங்கள், திறந்தால் உங்களுக்குக் கேட்கட்டும். நீங்கள் உள்ளே இருக்கும்போது போட, கதவின் உச்சியில் ஒரு சின்னத் தாழ்ப்பாள். பழகாத இடத்தில் அவர் கை தேடாது. கதவை மறைத்துச் சுவர் நிறத்தில் ஒரு திரை. ராத்திரி கக்கூஸ் வழியில் ஒரு சின்ன பல்பு எரியட்டும். ஸ்வெட்டரின் உள்பக்கம் உங்கள் வீட்டு நம்பரைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள். போனில் அவருடைய புதுப் போட்டோ ஒன்று இருக்கட்டும். டீக்கடை, பஸ் ஸ்டாப், தோட்டத்து வாட்ச்மேன், எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். காணவில்லை என்றால் சுற்றி இருக்கிற செடிக்குள்ளும் அவர் பழைய வேலைக்காட்டுப் பக்கமும் முதலில் பாருங்கள். அதே நேரத்தில் ஒருவர் 112-க்குக் கூப்பிட்டுவிடட்டும். ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம்.

கரி அடுப்பைப் போனிலேயே கத்திச் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். மூடின அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, மயக்கம், குழப்பம் என்று தொடங்கி தூக்கத்திலேயே முடித்துவிடும். இந்த மலையில் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்துச் செத்தவர்களை எனக்கே தெரியும். கம்பளிக் குல்லா, காலுறை, இரண்டு மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றின்மேல் ஒன்று, அது போதும். சுடுதண்ணீர்ப் பையைப் படுக்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு, அவர் படுத்ததும் எடுத்துவிடுங்கள். பெரியவர்களின் தோல் மெல்லிசு, சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

அந்தச் சிறுநீர்த் தொற்று திரும்ப வராமல் இருக்க வேண்டும். குளிரில் யாருக்கும் தாகம் எடுக்காது. வயசானால் தாக உணர்ச்சியே மங்கும். அதற்கு மேல், உங்கள் வீட்டுக் கக்கூஸ் வெளியே, ஏழு படி கீழே. இருட்டில், ஈரத்தில் இறங்கப் பயந்து தண்ணீரையே குடிக்காமல் இருக்கிற பாட்டிமார் நிறையப் பேர், யாரிடமும் சொல்லமாட்டார்கள். ராத்திரிக்குக் கட்டில் பக்கத்தில் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலியும் அடியில் வாளியும் வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பகலில் இரண்டு, மூன்று மணிக்கு ஒரு முறை 'வர்றீங்களா' என்று கேட்காமல் 'வாங்க போயிட்டு வருவோம்' என்று கூட்டிப்போங்கள். ஒரே மூச்சில் ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கச் சொன்னால் குடிக்கமாட்டார். வெதுவெதுப்பான கஞ்சி, ரசம், சுக்குத் தண்ணி என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகட்டும். அவருக்கு உப்புச்சத்து இறங்கியிருந்ததால் எவ்வளவு குடிக்கலாம், உப்பு எவ்வளவு என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால். தலைக்கு ஊற்றுவது வாரம் இரண்டு முறை, வெயில் வந்த பிறகு. முதலில் காலில் ஊற்றுங்கள், தோளில் ஒரு துண்டு கிடக்கட்டும். குளிக்க மறுப்பவர்களில் பாதிப் பேர் குளிருக்கு மறுக்கிறார்கள், பாதிப் பேர் வெட்கத்துக்கு.

அடித்ததைப் பற்றி. அடித்திருக்கக் கூடாது, அது உங்களுக்கே தெரிகிறது, சாப்பிடாமல் இருந்தீர்கள். நான் கவலைப்படுவது அடுத்த முறைக்காக. ராத்திரி மூன்று முறை எழுந்து, பகலில் வேலை பார்த்து, திருடி என்றும் கேட்டால் யாருக்கும் கை ஓங்கும். உள்ளங்கை அரிக்கும்போது அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அவர் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார் என்றால் ஐந்து நிமிஷம் கத்தினால் ஒன்றும் ஆகாது. ஆனால் அது தற்காலிகம். உங்களுக்குத் தேவை ஆள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் 'கொஞ்சம் உதவி பண்ணுங்க' என்று சொல்லிப் பிரயோசனமில்லை, ஆண்களுக்கு 'கொஞ்சம்' என்பது புரியாது. 'ஞாயிற்றுக்கிழமைக் குளியல் உங்களுடையது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி எழுவது உங்களுடையது' என்று அவரிடம் பிரித்துக் கொடுங்கள். நாத்தனார் விஷயம்: போனில் பத்து நிமிஷம் எந்த மூளையும் சமாளிக்கும். 'சாப்பிட்டியா, பிள்ளைங்க சௌக்கியமா' என்ற பழகின பேச்சு கடைசிவரை நிற்கும். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிவது அவ்வளவுதான். பள்ளிக்கூட லீவில் பதினைந்து நாள் வந்து அம்மாவோடு ஒரே அறையில் படுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறாவது நாள் அவரே உங்களுக்காகப் பேசுவார். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். பெற்றோர் பராமரிப்புக்கு 2007-ல் வந்த மத்தியச் சட்டம் 'பிள்ளைகள்' என்று சொல்லும்போது மகன் உண்டு, மகள் உண்டு, பேரன் பேத்தி உண்டு. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. சண்டைக்கு எடுக்காதீர்கள். மனசுக்குள் வைத்துக்கொண்டால் குரல் தானாகக் கொஞ்சம் நிமிரும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவரிடம் பெயர் பதிந்து, பிரஷர், சர்க்கரையை வீட்டிலேயே பார்க்கச் சொல்லுங்கள். முதியோர் உதவிக்கு 14567, உங்கள் மனசு தாங்காதபோது 14416, இரண்டும் இலவசம். இரண்டாவது நம்பர் உங்களுக்காகச் சொல்கிறேன், மாமியாருக்காக இல்லை.

ஹோம் பற்றிக் கேட்டீர்கள். பாவம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை உடனே புது இடத்தில் விட்டால் திரும்பக் குழம்புவார், அதுவும் கோயம்புத்தூர்ச் சூட்டில். ஆறு மாதம் போகட்டும். உங்கள் உடம்பு முடியவில்லை என்றால் அன்று அதைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் பேசலாம்.

உங்கள் பெயரை மறப்பாரா? மறக்கலாம். சில பேர் பெயரை விட்டுவிட்டு உறவை மாற்றிக்கொள்வார்கள். மருமகளை 'அக்கா' என்றும் 'அம்மா' என்றும் கூப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். திருத்தாமல் 'என்னம்மா' என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கூடையைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு கிடந்தால் அதையும் எடுத்துக் கொடுங்கள். விடியற்காலை கேட்டால் தேத்தண்ணி. பத்து மணிக்கு வெயில் வந்ததும் நீங்களே கூப்பிட்டு, உங்கள் வீட்டை ஒட்டி இருக்கிற அந்த இருபது செடியில் இறக்கிவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும், களைத்தால் ராத்திரித் தூக்கமும் கொஞ்சம் நீளும். எவ்வளவு பறித்தாலும் நிறுத்துக் காட்ட ஆள் வேண்டும், இல்லையென்றால் அவர் மனசு ஆறாது. பேரனிடம் ஒரு தராசும் நோட்டும் கொடுத்து கணக்கப்பிள்ளை ஆக்கிவிடுங்கள். பேரைச் சத்தமாகக் கூப்பிட்டு, கிலோவைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம்.